தம்பி வாங்கித் தந்த லாட்டரிச் சீட்டுகள்

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகும் ஊர்களில் ஒன்றில் எனக்கு அங்கன்வாடி வேலை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, படுக்க வைத்து, எழுப்பி, முகம் கழுவி அனுப்பிவிட்டால் மூன்றரை மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு பதிவேடுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ரோடு திரும்புகிற இடம் வரை நடப்பேன். எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமானால் அந்தத் திருப்பத்தில்தான் நிற்க வேண்டும். டவர் அங்கேதான் கிடைக்கும். கட்டட வேலைக்கு வெளியூர் போன புருஷனோடு பேசப் பெண்கள் அங்கே வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் வந்தது கேரள லாட்டரியின் ரிசல்ட்டைப் பார்க்க.

இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு.

தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மைக் வைத்துக் கூவிய லாட்டரிக் கடைகள் மூடிக்கொண்டன. அந்த இடங்களில் பழக்கடையும் செருப்புக் கடையும் வந்தன. ஆனால் ஆட்டம் வேறு வழியில் திரும்பி வந்தது. கேரள அரசு நடத்தும் குலுக்கலின் ரிசல்ட்டில் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே ரகசியமாகப் பந்தயம் கட்டுவார்கள். வெள்ளைத் தாளைக் கிழித்து மூன்று எண்ணை எழுதிக் கொடுப்பான் ஒருவன். அதில் முத்திரை கிடையாது, யாருடைய கையெழுத்தும் கிடையாது. விழுந்தால் அவன் மனசு வைத்துக் கொடுப்பான். இல்லை என்றும் சொல்லிவிடுவான். சட்டப்படி அது குற்றம் என்பதால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அந்த மூன்று எண்ணில் விழுந்தார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி விற்ற காசு அதில் போனது. பிறகு ஆடுகள் போயின. மகள் பிறந்த வருடம், குழந்தையின் தலையில் அவர் கையை வைக்கச் சொல்லி, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். மனிதர் அதைக் காப்பாற்றினார். காட்டில் சாமை விதைப்பதும், கிழங்கு போடுவதும், ஆடு வளர்ப்பதுமாக இருந்துவிட்டார். லாட்டரி என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

அப்படிச் சத்தியம் வாங்கியவள் பத்து வருடம் கழித்து, அவருக்குத் தெரியாமல், வாரம் ஒரு சீட்டு வாங்க ஆரம்பித்தேன். என் சீட்டு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அரசாங்கம் அச்சடித்த சீட்டு. நீதிபதி போன்றவர்கள் எதிரே உட்கார்ந்து பார்க்க, எந்திரத்தில் எண் சுழன்று நிற்கிற குலுக்கல். வாங்குகிற இடத்தில் அது சட்டப்படி நடக்கும் வியாபாரம். அதனால் நான் செய்வது தப்பில்லை என்று நினைத்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ்மில்லின் லாரி ஓட்டுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே குடித்தனம். வாரத்துக்கு ஒரு நடை பாலக்காட்டுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போவான். ஒரு தடவை மலைக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

"இன்னாடா இது?"

"கேரளா லாட்டரிக்கா. உன் பேருக்கு வாங்கினேன். விழுந்தா எனக்குப் பாதி குடு."

வழவழவென்று இருந்தது அந்தத் தாள். இரண்டு ஆங்கில எழுத்து, ஆறு எண்கள். பிள்ளைகளின் எடை எழுதும் நோட்டுக்குள் வைத்திருந்தேன். குலுக்கல் அன்று ரோட்டுத் திருப்பத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் நானே காசு அனுப்பி ஒன்று வாங்கச் சொன்னேன்.

இரண்டு மூன்று சீட்டுகள் கைக்கு வந்தன. பிறகு அவன் ஒரு யோசனை சொன்னான். "நான் மலைக்கு எடுத்தாந்து குடுக்கறதுக்குள்ள குலுக்கலே முடிஞ்சிடுதுக்கா. சீட்டைப் போட்டோ புடிச்சு அனுப்பறேன், நம்பரு பாத்துக்கோ. சீட்டு என்னாண்டயே இருக்கட்டும். விழுந்தா அங்கதான குடுத்து வாங்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. அதிலிருந்து வாரா வாரம் நான் போனில் காசு அனுப்புவேன். அவன் படம் அனுப்புவான். மூன்று வருடம் இப்படிப் போனது.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சீட்டைவிட அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சுதான் பிடித்திருந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தவன் அவன் ஒருவன். பாலக்காட்டில் மழையா, சாப்பிட்டானா, பொண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். ரிசல்ட் பார்த்ததும் அவனே கூப்பிடுவான்.

"இன்னாக்கா, விழுந்துச்சா?"

"இல்லடா."

"வுடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருக்கும்.

போன வருடம், ஆடி முடிகிற சமயம். பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திருப்பத்துக்கு வந்தேன். தூறல். முந்தானையால் போனை மூடிக்கொண்டு ரிசல்ட்டைத் திறந்தேன். முதல் பரிசு வேறு எண். இரண்டாவது பரிசின் எண்ணைப் படித்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தம்பி அனுப்பிய படத்தைத் திறந்தேன். எழுத்து இரண்டும் சரி. ஆறு எண்ணும் சரி. திரும்பப் பார்த்தேன். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்து, பயந்து, விட்டுவிட்டேன். திருப்பத்தில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். "டேய், விழுந்துடுச்சுடா. ரெண்டாவது பரிசு."

டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எந்த நம்பரு?" என்றான்.

சொன்னேன்.

"சரிக்கா. நான் வண்டியில இருக்கேன். அப்பறம் கூப்புடறேன்."

எவ்வளவு என்று கேட்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டியதாயிற்று. பட்டியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"குழந்த தலையில என் கைய வெச்சு சத்தியம் வாங்குனியே, அப்பவே நீ வாங்கிக்கினுதான் இருந்தியா?"

"அப்ப இல்லங்க. இப்ப மூணு வருசமாத்தான்."

"மூணு வருசம்." தழையைக் கட்டி முடித்தார். "நான் டீக்கடையில பேப்பர கூடத் தொடாம இருந்தேன். எவனாவது நம்பரு பேசினா எழுந்து வந்துடுவேன்."

அன்றைக்கு அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். திட்டவில்லை. "சரி, சீட்டு எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

சீட்டு எங்கே என்பதுதான் அதற்கடுத்த நாட்களின் கேள்வியானது. மறுநாள் தம்பி கூப்பிட்டு, கேபினில் வைத்திருந்ததாகவும், லாரியை ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது யாரோ சுத்தம் செய்கிறேன் என்று குப்பையோடு வாரிக் கொட்டிவிட்டதாகவும் சொன்னான். அதற்கடுத்த நாள் நான் கூப்பிட்டபோது, சட்டைப் பையில் இருந்து மழையில் நனைந்து கூழாகிவிட்டது என்றான். நேற்று குப்பை என்றாயே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

அதற்குள் விஷயம் ஊரில் கசிந்துவிட்டது. ரோட்டுத் திருப்பத்தில் நான் போனில் கத்தியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். "டீச்சருக்கு லாட்டரி அடிச்சிருக்குதாம், தம்பிக்காரன் தரமாட்டேங்கறானாம்" என்று பேச்சு. என் பெரியப்பா மகன், "சும்மா வுடக் கூடாது, நானும் வர்றேன்" என்று கிளம்பினார். வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று பேரும் முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம்.

தம்பி வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி. நைனார்பாளையத்துப் பெண், வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அதிர்ந்து பேசாதவள். என் கண் நேராக அவள் கழுத்துக்குப் போனது. புதுச் சங்கிலி.

"வாங்க அண்ணி" என்றாள்.

"சங்கிலி எப்ப வாங்கின?"

"போன வாரம் அண்ணி. நான் தச்சு சேத்த காசுல..."

"லாட்டரி அடிச்ச வாரத்துல உனக்கும் காசு சேந்துடுச்சா?"

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. என் தம்பியைத் திருடன் என்றேன். அவளைத் திருட்டு நகை போட்டவள் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். அவற்றை எழுத மனசு வரவில்லை. உள்ளேயிருந்து தம்பி துண்டோடு வந்து நின்றான். தலையைத் தூக்கவே இல்லை.

"தொலைஞ்சுபோச்சுக்கா" என்றான்.

அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என் காசுன்னு சொல்லுங்களேன்" என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்போது அந்த மௌனத்தை நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்?" என்றார்.

"தம்பிகிட்ட இருக்குதுங்க. இல்ல, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றான்."

"பாருங்கம்மா, லாட்டரியில சீட்டு யாரு கையில இருக்குதோ அவங்களுதுதான் சீட்டு. பின்பக்கம் பேரு, விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலைக் குடுக்கணும். முப்பது நாளுக்குள்ள குடுக்கணும். போட்டோவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"போலீசுல எழுதிக் குடுக்கலாமா?" என்று பெரியப்பா மகன் கேட்டார்.

"குடுக்கலாம். நம்ம ஊருல லாட்டரி தடை. அங்க நேரா போயி வாங்கியிருந்தா அது வேற. இங்கேருந்து காசு அனுப்பி ஆளு வெச்சு வாங்கினேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா மொதக் கேள்வி உங்களத்தான் கேப்பாங்க. அங்கன்வாடி வேலை பாக்கறீங்க." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு பண்ணுங்க. இந்தச் சீட்ட வித்த கடைக்குப் போங்க. பரிசு விழுந்தா வித்தவங்களுக்கும் கமிஷன் உண்டு. அதனால யாரு சீட்டக் குடுத்தாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க தம்பி பேருதான்னு தெரிஞ்சா அப்பறம் பேசலாம்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "நாம ரெண்டு பேரும் போலாம். வேற யாரும் வேணாம்" என்றார்.

சேலம் போய், கோயம்புத்தூர் போய், பாலக்காட்டுக்கு பஸ் ஏறினோம். தம்பி அனுப்பிய படத்தின் ஓரத்தில் கடையின் பெயர் பாதி தெரிந்தது. அரிசி லாரிகள் நிற்கும் மார்க்கெட்டில் அதைக் காட்டி விசாரித்தோம். இரண்டாவது ஆளே கைகாட்டிவிட்டார்.

ஒரு மேசை, பெரிய குடை, பின்னால் பலகை. பலகை முழுக்கச் சீட்டுகளைப் பச்சைக் கிளிப்பில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கடையில் இருந்தது என் வயதுப் பெண். பாலக்காட்டுத் தமிழ் பேசினாள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டாள். கல்வராயன் மலை, நாங்கள் மலையாளி என்றேன். எங்கள் சாதிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கும். அவள் உடனே மலையாளத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மலையாளம் தெரியாதுங்க. மலையில இருக்கறதால மலையாளி" என்றேன்.

அவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பிறகு படத்தைக் காட்டினேன்.

"அய்யோ, இது நம்ம கடையில போன டிக்கெட்டாக்கும். ரெண்டாம் பரிசு!" என்று தன் போனை எடுத்து வேறொரு படத்தைக் காட்டினாள். அழுக்குச் சட்டையும் தலையில் சும்மாடுமாக, பல் போன ஒரு கிழவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார். "இவராக்கும் வாங்கினது. இந்த மார்க்கெட்டுல மீன் கூடை சுமக்கிறவர். அன்னிக்கு மத்தியானம் வந்து இந்தப் பலகையிலேர்ந்து அவரே எடுத்தார். பேங்கு வழியா டிக்கெட்டைக் குடுத்தாச்சு."

எனக்குப் புரியவில்லை. "இது என் தம்பி வாங்கின சீட்டுங்க. அவன்தான் இந்தப் போட்டோவ அனுப்பினான்." தம்பியின் படத்தைக் காட்டினேன்.

"ஓ, அரிசி லாரிக்காரரா!" அவள் முகம் தெளிந்தது. "அவர் டிக்கெட் வாங்க மாட்டார். ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை வாங்கினார். அதுக்கப்புறம் வாரா வாரம் வருவார், பலகையில இருக்கிற ஒண்ணைப் போட்டோ எடுப்பார், போவார். எதுக்குன்னு ஒரு தடவை கேட்டேன். அக்காவுக்குக் காட்டணும்னு சொன்னார். அக்காவுக்கு டிக்கெட் பார்க்க இஷ்டம் போலன்னு நினைச்சேன்."

நான் போனை வாங்கி, தம்பி அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். போன வாரம், அதற்கு முந்தின வாரம், போன வருடம், அதற்கு முந்தின வருடம். எல்லாச் சீட்டின் தலையிலும் பச்சைக் கிளிப். எல்லாவற்றுக்கும் பின்னால் அதே பலகை. அவன் கையில் பிடித்த சீட்டு ஒன்றுகூட இல்லை. மூன்று வருடமாக நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. கடைக்காரப் பெண், எங்கள் முகத்தைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, முக்காலியை நகர்த்தி என்னை உட்காரச் சொன்னாள்.

"வேணாம்மா, கெளம்பறோம்" என்றார் அவர். என்னிடம், "வா, ஒரு டீ குடிக்கலாம்" என்றார். டீக்கடையில் என் டம்ளரை அவரே ஆற்றிக் கொடுத்தார். நான் அழுதது அங்கேதான்.

வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். லட்சங்களைத் திருடினான் என்று நினைத்தபோது கோபம் வந்தது. கோபத்தில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவ்வளவு பெரிய காசைக் கண்டால் யாருக்கும் புத்தி மாறும் என்று ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. ஒரு டீக்கும் பரோட்டாவுக்குமான காசுக்காக வாரா வாரம், நான் சாப்பிட்டாயா என்று கேட்ட குரலுக்கு எதிரே நின்று பொய் சொல்லியிருக்கிறான். அதை எந்தப் பேராசையில் சேர்ப்பது?

கள்ளக்குறிச்சியில் இறங்கி நேராக அவன் வீட்டுக்குப் போனோம். அவன் லாரியோடு போயிருந்தான். அவன் மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சங்கிலி இல்லை. தெருவே பார்த்த பிறகு போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவள் காலைத் தொடப் போனேன், பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எனக்கு இது எதுவும் தெரியாது அண்ணி. நீங்க கத்துனது கூட எனக்குப் பெருசா தெரியல. தெரியாம கத்துனீங்க. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என்னைத் திருடின்னு சொல்றப்ப சும்மா நின்னாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

நாங்கள் இருவரும் ஒரே ஆளால் ஏமாந்தவர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவளை நோகடித்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம். மறுநாள் அவன் வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். "ஏன்டா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு வாரம் கடையில கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சுக்கா. லோடு எறக்கற அவசரம். போட்டோ மட்டும் எடுத்து அனுப்பிட்டேன், திரும்பி வந்து வாங்கிக்கலாம்னு. வாங்கல. நீயும் விழலன்னு சொன்ன. அடுத்த வாரமும் அப்படியே ஆச்சு."

"மூணு வருசம் அப்படியே ஆச்சா?"

"உனக்கெங்க விழப் போவுதுன்னு நெனச்சேன்." இதைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தான். "நம்ம குடும்பத்துல யாருக்கு இன்னா விழுந்துருக்குது? எப்படியும் குப்பைக்குப் போற காசுதானேன்னு இருந்துட்டேன். ஒவ்வொரு வாரமும் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் எனக்கும் பயமாத்தான் இருக்கும். நீ இல்லடான்னு சொன்னப்பறம்தான் சோறு எறங்கும்."

அந்தச் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. ஆறுதல் என்று நான் நினைத்திருந்தது அவனுக்குக் கிடைத்த நிம்மதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் தோற்க வேண்டும் என்று என் தம்பி வேண்டிக்கொண்டிருந்திருக்கிறான். எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க ரோட்டுத் திருப்பத்தில் நின்று போனில் லாட்டரியைப் பற்றியே படித்தேன். யாருடைய சட்டம் என்னைக் காப்பாற்றியிருக்கும் என்று தேடுகிற மாதிரி ஒரு வெறி. நம் நாட்டில் லாட்டரி நடத்துவதும் நிறுத்துவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. நடத்துகிற மாநிலம்தான் சீட்டை அச்சடிக்க வேண்டும், குலுக்கலையும் அங்கேயே நடத்த வேண்டும். இங்கிலாந்தில் பரிசு விழுந்தவர் தன் பெயரை வெளியில் சொல்லாமல் இருக்கலாம். பரிசுக்கு வரியும் இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு மாதிரி. சில இடங்களில் பெயரைக் கட்டாயம் வெளியிடுவார்கள். பரிசை வருடா வருடம் கொஞ்சமாகவும் வாங்கலாம், குறைத்துக்கொண்டு ஒரேயடியாகவும் வாங்கலாம். சீனாவிலும் ஜமைக்காவிலும் சொந்தக்காரர்களுக்குப் பயந்து முகமூடி மாட்டிக்கொண்டு வந்து பரிசு வாங்கியவர்களின் படங்களைப் பார்த்தேன். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது.

ஸ்பெயின் நாட்டைப் பற்றிப் படித்ததுதான் என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே ஒரு பெரிய குலுக்கல். ஒரு சீட்டைக் குடும்பமாக, தெருவாக, ஒன்றாக வேலை செய்பவர்களாகச் சேர்ந்து வாங்குவார்கள். ஒருவரிடம் சீட்டு இருக்கும். அவர் அதைப் படம் பிடித்து, யார் யாருக்குப் பங்கு என்று எழுதி, மற்றவர்களுக்குப் போனில் அனுப்பிவிட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி என்று அந்த நாட்டுப் போலீசே யோசனை சொல்கிறதாம். அங்கேயும் போனில் ஒரு படம்தான். என்னிடமும் படம் இருந்தது. படத்துக்குப் பின்னால் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கும் ஒரு சட்டம் கிடையாது. அது சீட்டை வைத்திருப்பவனைப் பொறுத்தது. அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

தையில் என் மகள் பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் இல்லாமல் முடியாது. வீட்டுக்காரர்தான் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வாடகை ஜீப்பில் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். பட்டுப்பாவாடை, வளையல், பழம், பூ, வெல்லம் என்று ஏழெட்டுத் தட்டு. அவனால் முடிந்தது அது. எங்கள் ஆட்கள் தட்டுகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லட்சத்த முழுங்குன மாமன் கொண்டாந்த சீரப் பாரு" என்று ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி காதில் விழாத மாதிரி பாயை விரித்தான்.

பந்தி முடிந்ததும் பட்டிப் பக்கம் பாத்திரம் எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தான். அத்தனை மாதத்தில் தனியாகப் பேசியது அப்போதுதான்.

"அக்கா, ஊரே நான் உன் லாட்டரிய எடுத்துக்கினேன்னு பேசுது. கெணத்தாண்ட கூட அதான் பேச்சு. நீயாவது இல்லன்னு சொல்லேன்."

"சொல்றேன்" என்றேன். "இன்னான்னு சொல்லட்டும்? அவன் பரிச எடுக்கல, மூணு வருசமா சீட்டே வாங்காம காச மட்டும் வாங்கிக்கினான்னு சொல்லட்டுமா? இப்பவே சொல்றேன். எல்லாரும் இருக்காங்க."

அவன் முகம் மாறியது. பந்தலைத் திரும்பிப் பார்த்தான்.

"வேணாம்" என்றான்.

"அவங்க பேசறது?"

"பேசிக்கினு போறாங்க."

பெரிய திருடன் என்ற பேரைச் சுமப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அதை அவனுக்காகச் செய்தேனா என்று கேட்டால் தெரியாது. மூன்று வருடம் பலகையில் தொங்கிய சீட்டுகளை என்னுடையவை என்று நம்பி நின்றேன் என்று ஊருக்குச் சொல்ல எனக்கும் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் ஜீப் கிளம்பியது. அவன் மனைவி இறங்கி வந்து என் மகளுக்கு இன்னொரு முறை பூ வைத்துவிட்டுப் போனாள். தம்பி முன் சீட்டில் டிரைவரோடு ரோட்டைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். போய் வருகிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். சரி என்றேன்.

இப்போதும் வாரா வாரம் அவன் பாலக்காட்டுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போகிறான். நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டாயா என்று மட்டும் நான் கேட்பதில்லை.